போரஸின் யானையைத் திருப்ப எத்தனை பிப்?

போன வருஷம் ஆடி மாதத்தில் போரஸாக இருந்து அலெக்சாண்டரைத் தோற்கடித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த ஆட்டம். டைனிங் டேபிள் மேல் பச்சை ஃபெல்ட் துணி விரித்து, ஒரு ஓரத்தில் ஜீலம் நதிக்காக நீலத் துணியைக் கிழித்துப் போட்டு, பதினைந்து மில்லிமீட்டர் உயரப் பொம்மை வீரர்களை வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தோம். எதிரே உட்கார்ந்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். நான் சார் என்பேன், அவர் தம்பி என்பார். மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் அவருடைய கம்பானியன் குதிரைப்படை, அதாவது அலெக்சாண்டரின் தேர்ந்தெடுத்த குதிரை வீரர்கள், என் இடப்பக்கம் சுற்றி வந்தது. நான் நடு வரிசையிலிருந்து யானைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அதன் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். குதிரை யானையைக் கண்டால் மிரளும், விதியிலும் அப்படித்தான் இருக்கிறது. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சார் கை கொடுத்து, "நல்லா ஆடினீங்க தம்பி" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது இன்னொன்றும் கேட்டார்: "ஆமா, நீங்க திருப்பின மாதிரி போரஸ் ஏன் திருப்பல?"

அந்தக் கேள்வி போகவே இல்லை. வண்டி ஓட்டும்போது, ஆபீஸில் சாப்பிடும்போது, திடீரென்று வந்து நிற்கும். போரஸ் சாதாரண ஆள் இல்லை. கடைசிவரை யானை மேலிருந்து சண்டை போட்டு, தோளில் காயம் பட்ட பிறகுதான் களத்தை விட்டார். யானையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்திருக்கும். டைனிங் டேபிளில் எனக்கு ஒரு நிமிஷத்தில் தோன்றியது அவருக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியும் முடியவில்லையா? முடியவில்லை என்றால், நான் ஆடிய விதியில் அது ஏன் அவ்வளவு சுலபமாக முடிந்தது?

பெரிய புத்தகத்தில் இருந்த நிம்மதி

நாங்கள் ஆடியது வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப்பின் பழைய விதிகளில் ஒரு பதிப்பு. இதை ஆடுகிறவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். 1969ல் முதலில் வந்து, அதற்கப்புறம் பல வருஷங்களுக்குப் பண்டைய போர் ஆட்டம் என்றாலே அதுதான் என்று இருந்த விதிகள். ஃபில் பார்க்கர் என்ற ஆங்கிலேயருடைய பெயரோடு சேர்ந்தே பேசப்படுபவை. ஒரு பொம்மை 20 பேருக்குச் சமம். எந்த ஆயுதம் எந்தக் கவசத்தை எவ்வளவு துளைக்கும் என்று அட்டவணை. செத்தவர்களைத் தாளில் கணக்கெழுதிக்கொண்டே வரவேண்டும். ஒரு அணி பயந்து ஓடுமா, நிற்குமா, ஆவேசப்பட்டுத் தானே பாயுமா என்பதற்குத் தனிச் சோதனை.

எனக்கு அந்த அட்டவணைகள் ரொம்பப் பிடிக்கும். மழையில் நனைந்த வில்லுக்கு ஒரு எண், ஓடி வந்து மோதும் குதிரைக்கு ஒரு எண் என்று பார்க்கும்போது, யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் யோசித்திருக்கிறார் என்ற நிம்மதி வரும். விவரம் கூடக்கூட உண்மைக்குப் பக்கத்தில் போகிறோம் என்று பல வருஷம் நம்பியிருந்தேன். விதி தேர்ந்தெடுக்கிற விஷயத்தில் என்னுடைய ஒரே அளவுகோல் அதுதான். பக்கம் குறைவாக இருந்தால் அது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவேன்.

சார் கேட்ட பிறகு அந்த அட்டவணைகளை மறுபடி எடுத்துப் புரட்டினேன். ஈட்டிக்கு எண் இருந்தது, யானைக்கு எண் இருந்தது, களைப்புக்கும் இருந்தது. ஆனால் நாங்கள் ஆடிய விதத்தில், போரஸின் இடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. கூரையில் தொங்கும் காற்றாடிக்குக் கீழே நின்று களம் முழுவதையும் பார்த்தேன். வலக் கோடியில் இருக்கும் குதிரையும் இடக் கோடியில் இருக்கும் தேரும் ஒரே நொடியில் என் விரலுக்குக் கட்டுப்பட்டன.

ஆறு கிலோமீட்டர்

அப்புறம் அலெக்சாண்டரின் படையெடுப்பைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியனை எடுத்துப் படித்தேன். ஹைடாஸ்பஸ் போர் (ஜீலம் நதியைக் கிரேக்கர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) நடந்தது கி.மு. 326ல், அவர் எழுதியது நானூறு வருஷங்களுக்கும் மேல் கழித்து. ஆனால் போரில் இருந்தவர்கள் எழுதி வைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார். அவர் கணக்குப்படி போரஸிடம் 200 யானைகள், 30,000 காலாட்கள், 4,000 குதிரைகள், 300 தேர்கள். யானைகளை முன் வரிசையில் நிறுத்தினார், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது நூறடி. காலாட்கள் பின்னால், இடைவெளிகளுக்கு நேராக. இரண்டு பக்கமும் குதிரை, அதற்கு முன்னால் தேர்.

நூறடி இடைவெளியில் 200 யானை. பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர் வருகிறது. நம்ப முடியாத நீளம்தான். கர்ட்டியஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் 85 யானை என்கிறார். அதை வைத்தாலும் இரண்டரை கிலோமீட்டர். முந்தின இரவு இடியும் மழையும், களமெல்லாம் சேறு. நடுவில் ஒரு யானை மேல் போரஸ். இடது கோடியில் அலெக்சாண்டரின் குதிரைகள் மோதுகின்றன என்ற செய்தி ஒருவன் வந்து சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அவர் சொல்லும் பதில் திரும்பப் போக வேண்டும். அதை ஒவ்வொரு யானைப் பாகனும் கேட்க வேண்டும். கேட்ட பாகன் யானையைத் திருப்ப வேண்டும், பின்னால் நிற்கும் காலாட்கள் அதற்கு வழிவிட வேண்டும். நான் மேஜையில் ஒரு நொடியில் செய்த காரியம் அங்கே எத்தனை வாய், எத்தனை காது தாண்ட வேண்டியிருக்கும் என்று யோசித்தபோது, ஜெயித்த சந்தோஷம் முழுக்க வடிந்துவிட்டது.

என் விதிப்புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. இந்தத் தூரத்துக்கு மட்டும் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். அது முழு உண்மை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒன்று விழுந்த பகடை

அதே பார்க்கர், ரிச்சர்ட் பாட்லி ஸ்காட் என்பவரோடு சேர்ந்து கொண்டுவந்த விதிதான் டிபிஏ (டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ் என்பதன் சுருக்கம்), 1990ல் வந்தது. ஒரு படைக்கு மொத்தமே 12 தட்டுகள். நாலு சென்டிமீட்டர் அகலத் தட்டு ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பொம்மைகளை ஒட்டியிருக்கும். யானை என்றால் ஒன்றே ஒன்று. இரண்டடிக்கு இரண்டடிப் பலகை போதும். நாலு தட்டை இழந்தால் தோல்வி. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நான் ஒதுக்கி வைத்திருந்த ரகம். சார் பல நாளாக அதை ஆடிப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விதிக்கான படைப் பட்டியல்களில் தமிழர் படையும் சிங்களர் படையும் ஒரே பட்டியலில் சேர்ந்து இருக்கின்றன. அதைத்தான் முதலில் காட்டினார். அந்த யானைகளையும் ஒருநாள் செய்ய வேண்டும் என்று ஆசை, ஆனால் அது வேறு கதை.

இந்த விதியின் உயிர் ஒரே ஒரு பகடையில் இருக்கிறது. உங்கள் முறை வரும்போது பகடையை உருட்டுகிறீர்கள். விழும் எண்தான் அந்த முறையில் உங்களுக்குக் கிடைக்கும் நகர்வுகள். அதைப் பிப் என்பார்கள். ஒரு தட்டை நகர்த்த ஒரு பிப். ஒட்டி வரிசையாக நிற்கும் பல தட்டுகளைச் சேர்ந்தாற்போல் நகர்த்தவும் ஒரே பிப். கூட்டத்தைப் பிரித்தால் தனித்தனியாகச் செலவு. தளபதியிடமிருந்து ரொம்பத் தூரம் போய்விட்ட தட்டுக்கு ஒன்று கூடுதல். நாங்கள் ஆடிய பதிப்பில் யானைக்கும் ஒன்று கூடுதல்.

ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு வாரம் யானைகளைச் சரிசெய்தேன். வாங்கி வைத்திருந்தவற்றின் முதுகில் கோபுரம் மாதிரி அம்பாரி இருந்தது. அது பிற்காலத்து வழக்கம் என்பதால், சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்து, எபாக்சி புட்டியால் முதுகை நிரவி, பாகனுக்குப் பின்னால் வேலோடு ஒரு ஆளை உட்காரவைத்தேன். புட்டி காய்ந்ததும் நகத்தால் தட்டிப் பார்த்தால் எலும்பு மாதிரிச் சத்தம் வரும். தோலுக்குச் சாம்பல் நிறம் மட்டும் அடித்தால் சிமென்ட் போல இருக்கும். மேலே கொஞ்சம் காவி கலந்து உலர்ந்த தூரிகையால் தேய்த்தால்தான் புழுதி படிந்த யானையாகும். காது ஓரத்திலும் துதிக்கையிலும் வெளிறிய ரோஸ் நிறத்தில் புள்ளி வைத்தேன்.

ஆட்டத்தில் மறுபடி நான் போரஸ். மூன்றாவது முறையில் சாருக்கு ஐந்து விழுந்தது. கம்பானியன்கள் என் இடப்பக்கத்துக்கு வெளியே வந்து நின்றார்கள். போன தடவை வந்த அதே இடம். யானையைத் திருப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதற்குத்தான் காத்திருந்தேன். பகடையை உருட்டினேன். ஒன்று.

ஒரு யானைக்கே இரண்டு வேண்டும். என் கையில் இருப்பது ஒன்று. மூன்று யானைகளையும் பார்த்தேன், இரண்டு வாரம் உட்கார்ந்து வர்ணம் அடித்தவை, அசையாமல் நேரே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அபாயம் பக்கவாட்டில் இருக்கிறது, எனக்குத் தெரிகிறது, அவற்றிடம் சொல்ல எனக்கு வாயில்லை. சார் எதுவும் பேசாமல் காத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு பிப்பை வைத்துச் செய்ய முடிந்தது ஒன்றுதான். வலப்பக்கத்தில் சும்மா நின்ற குதிரைப்படையைப் பின்புறமாக இடப்பக்கம் உதவிக்கு அனுப்பினேன். அடுத்த முறை சார் தன் இடப்பக்கக் குதிரையை அதன் பின்னாலேயே ஓட்டினார். என் குதிரைகள் முன்னாலும் பின்னாலும் மாட்டின. யானை வரிசைக்குள் ஒதுங்கின. பின்வாங்கிய ஒரு யானை என் வில்லாட்களையே மிதித்தது. நாலு தட்டு போயிற்று.

சார் எழுந்து போய் அர்ரியனை எடுத்து வந்து, அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். அலெக்சாண்டர் போரஸின் இடப்பக்கத்தைத் தாக்குகிறார். கோய்னஸ் என்ற தளபதியை எதிர்ப்பக்கம் அனுப்புகிறார். போரஸின் வலப்பக்கக் குதிரைகள் இடப்பக்கத்துக்கு உதவி செய்யக் கிளம்பினால் அவற்றின் பின்னாலேயே போய் விழ வேண்டும் என்று கட்டளை. அப்படியே நடக்கிறது. இரண்டு பக்கமும் முகம் காட்ட வேண்டிவந்த இந்தியக் குதிரைகள் கலைந்து, ஏதோ நட்பான கோட்டைச் சுவரிடம் ஓடுவதுபோல யானைகளிடம் ஓடி ஒதுங்குகின்றன. நெருக்கத்தில் யானைகள் இருபக்கத்தாரையும் மிதிக்கின்றன. கடைசியில் களைத்துப்போய், துடுப்பை எதிர்ப்புறம் வலித்துப் பின்வாங்கும் கப்பல்கள்போல, முகத்தை எதிரியிடமிருந்து எடுக்காமலே பிளிறிக்கொண்டு பின்னோக்கி நகர்கின்றன.

இந்தப் பத்தியை ஏற்கெனவே படித்திருக்கிறேன். ஆனாலும் ஒரு பிப் மட்டும் கையில் இருந்தபோது, போரஸ் செய்ததையே செய்தேன். என்னால் அசைக்க முடிந்தது அது ஒன்றுதான். மூன்று ஞாயிறு கணக்குப் போட்டும் கிடைக்காத பதில் நாற்பது நிமிஷ ஆட்டத்தில் கிடைத்தது. அன்று ராத்திரி எனக்கு நெஞ்சு கனத்தது. தோற்றதால் இல்லை. இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சேற்றில் யானை மேல் உட்கார்ந்து பட்ட அவஸ்தையில் ஒரு துளி என் மேல் தெறித்தது போல இருந்தது.

சாரின் மறுப்பு

நான் டிபிஏ பக்கம் முழுசாகச் சாய்ந்துவிட்டேன். இப்போது சார் விடவில்லை. "தம்பி, உங்களுக்கு ஆறும் எனக்கு ஒன்றும் விழுந்திருந்தா? அப்பவும் இதைத்தான் வரலாறும்பீங்களா?" என்றார். நியாயமான கேள்வி. பக்கம் மாற்றி ஆடிப் பார்த்தோம். அலெக்சாண்டராக இருந்த எனக்கு அடுத்தடுத்து இரண்டு, ஒன்று என்று விழ, கோய்னஸ் ஆற்றங்கரையிலேயே நின்றான். உலகத்தையே சுற்றிவந்த படை, பகடை சரியில்லை என்று நிற்கிறது. அது எனக்கும் பொருந்தாததாகத்தான் பட்டது.

அதற்கப்புறம் நாலைந்து மாதம் வேறு விதிகளைத் தேடினோம். ரிக் ப்ரீஸ்ட்லியின் ஹெயில் சீஸரில் என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகுதான் இரண்டு பகடை. தளபதியின் திறமை எண் பெரும்பாலும் 8. அதற்கு மேல் விழுந்தால் அணி நகராது. ரொம்பக் குறைவாக விழுந்தால் மூன்று மடங்கு தூரம் பாய்ந்துவிடும். சொல்லிவிட்டு உருட்டும் அந்த நொடி அருமையாக இருக்கிறது. கட்டளையைக் கேட்டவன் என்ன செய்வானோ என்ற பதற்றம் அதில் உண்டு. ஆனால் அதன் நிறைவு 28 மில்லிமீட்டர் பொம்மைகளும் ஆறடி மேஜையும் இருந்தால்தான். எங்கள் வீட்டில் இடம் இல்லை. சைமன் மில்லரின் டு த ஸ்ட்ராங்கஸ்ட் கட்டம் போட்ட மேஜையில் சீட்டுகளால் ஆடுவது. ராஜா, ராணியெல்லாம் எடுத்துவிட்டு ஒன்று முதல் பத்து வரை மட்டும். ஒரே அணியை மறுபடி நகர்த்த வேண்டுமானால் போன சீட்டுக்குக் குறையாத சீட்டு வர வேண்டும். பேராசை கூடினால் மாட்டிக்கொள்வோம். அதையும் இரண்டு தடவை ஆடினோம், பிடித்திருந்தது. எனக்கு மட்டும் ஒரு குறை: சதுரக் கட்டங்களுக்குள் யானைக்கும் யானைக்கும் நடுவில் இருக்கும் அந்த நூறடி இடைவெளி காணாமல் போய்விடுகிறது.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இருந்த ஃபிலிப் சாபின் இதை வேறு கோணத்தில் அணுகியிருக்கிறார். ஒரே விதியை முப்பத்தைந்து போர்களுக்குப் போட்டுப் பார்க்கிறார். ஒரு போரில் சரியாக வரும் எண் இன்னொரு போரில் தப்பாக வந்தால் எங்கேயோ பிழை என்று அர்த்தம். இந்தத் துறையில் நான் பார்த்ததிலேயே நேர்மையான அணுகுமுறை அதுதான். ஒரு ஆட்டத்தில் எனக்குச் சிலிர்த்தது என்பதற்காக அந்த விதியையே சரியென்று முடிவுகட்டியது அவசரம் என்று அதைப் பார்த்த பிறகு புரிந்தது.

நாங்கள் தாண்டிப்போன பக்கம்

ஒருநாள் பழைய விதிப்புத்தகத்தை அலமாரியில் திரும்ப வைக்கப்போனேன். அதில் கிளிப் போட்டு மடித்து வைத்திருந்த சில பக்கங்கள் விரிந்தன. கட்டளை எழுதும் பகுதி. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எந்த அணி என்ன செய்ய வேண்டும் என்று தளபதி எழுதி வைக்க வேண்டும். பிறகு நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. நேரம் மிச்சமாகட்டும் என்று நாங்கள்தான் அதை எப்போதோ விட்டுவிட்டோம். ஈட்டியின் எண்ணையும் கவசத்தின் எண்ணையும் ஒரு புள்ளி விடாமல் கணக்குப் போட்டவர்கள், தளபதியைக் கட்டிப்போடும் இந்த ஒரு பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருக்கிறோம். அந்தப் புத்தகத்தின் மேல் நான் வைத்த குற்றம் என் மேல் வைத்திருக்க வேண்டியது.

உடனே சாருக்குப் போன் போட்டேன். கோய்னஸுக்கு அலெக்சாண்டர் சண்டையின் நடுவில் ஆள் அனுப்பவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டார்: இது நடந்தால் இதைச் செய். அதனால்தான் தூரம் அவரைத் தடுக்கவில்லை. போரஸிடம் அப்படிச் சொல்லிவைத்த திட்டம் எது? யானைகளும் காலாட்களும் நேரே முன்னால் போக வேண்டும் என்பது ஒன்றுதான். வரிசை கலையாமல் நேரே போகும்வரை அது அருமையான திட்டம். டிபிஏவில்கூட ஒட்டி நிற்கும் வரிசைக்குச் செலவு குறைவு. பக்கவாட்டில் திரும்ப வேண்டிய கணத்தில்தான் அது உடைகிறது. "அப்படின்னா ரெண்டையும் சேர்த்துடலாமே தம்பி" என்றார் சார். மடித்து வைத்த பக்கத்தை அவரும் மறந்திருந்தார்.

இப்போது ஆடுவது இப்படி: டிபிஏதான். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கு மூன்று துண்டுச் சீட்டு. நடுவுக்கு ஒன்று, இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. எழுதிய கட்டளைப்படி நகர்ந்தால் பிப் வேண்டாம். கட்டளையை மீறி நகர்த்த வேண்டுமானால் இரண்டு பிப், யானைக்கு மூன்று. விதியை எழுதியவர்கள் இதை ஏற்பார்களா என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். ஹைடாஸ்பஸ் ஆடும்போது இந்த ஏற்பாடு எங்களுக்குச் சரியாக இருக்கிறது. கி.மு. 202ல் நடந்த ஸாமா போரை ஆடினால் சரியாக இருக்குமா என்பதை ஆடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கே கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் யானைகளுக்கு ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ சந்து விட்டு நின்றார், அதையும் முன்கூட்டியே எழுதி வைத்ததாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

போன ஞாயிறு முதல் ஆட்டம். நான் போரஸ். வலப்பக்கக் குதிரைக்கான சீட்டில், "என்ன நடந்தாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது" என்று எழுதிக் கவிழ்த்து வைத்தேன். சாரின் கோய்னஸ் சீட்டில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவர் அர்ரியனை விட்டுக்கொடுக்க மாட்டார். இடப்பக்கத்தில் சண்டை மூண்டது. என் தேர்கள் இரண்டும் போயின. வலப்பக்கக் குதிரை எழுதியபடி அங்கேயே நின்றது. அதன் எதிரில் கோய்னஸும் நின்றான். அது கிளம்பினால்தானே அவன் பின்னால் வர முடியும். இரண்டு பேருமே சீட்டை மாற்ற இரண்டு பிப் சேராமல் மூன்று முறை உட்கார்ந்திருந்தோம். அதற்குள் நடு யானை சாரின் ஈட்டி வரிசைக்குள் புகுந்து இரண்டு தட்டை எடுத்தது.

இருட்டிவிட்டதால் நிறுத்தினோம். ஆளுக்கு மூன்று தட்டு போயிருக்கிறது, இன்னும் ஒன்று போனால் முடிந்தது. மேஜை மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறேன். இந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.